இரண்டு பேர் பேசிய மொழி

இருபத்திரண்டு வருடம் நானும் அவரும் ஒரே வேனில் போய் லிஃப்ட் பழுது பார்த்தோம். கம்பெனியில் எல்லோரும் அவரை ‘ரெட்டை நாக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் ஒரு பொய் வராது அந்த மனுஷனுக்கு. அவருக்கு இரண்டு மொழி தெரியும் என்பதால் வந்த பட்டம் அது. ஒன்று ஊரே பேசும் மொழி. இன்னொன்று அவருடைய அம்மாவின் மொழி.

அந்த மொழிக்கு எழுத்து கிடையாது. அதைப் பேசியவர்கள் ஓர் அணை கட்டியபோது வெளியேற்றப்பட்டு நாலா பக்கமும் சிதறிப் போனார்கள். பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்கவேண்டுமே என்று வீட்டுக்குள்ளும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அவருடைய அம்மா மட்டும் பிடிவாதக்காரி, மாற்றவில்லை. அந்த அம்மா இறந்தபோது அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது இவர் அண்ணனிடம் அம்மாவின் மொழியில் ஏதோ சொன்னாராம். அண்ணன் ஊர் மொழியில் பதில் சொன்னார்: “விடுடா. இனிமே இதை யார்கிட்டப் பேசப் போற?”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், பிறக்கப்போகிற பிள்ளையோடு அந்த மொழியில் மட்டும்தான் பேசப்போவதாகச் சொன்னார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த மனைவி சிரித்தார். “பேசுங்க. ஆனா அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துக்கிட்டு என் தலையை உருட்டக்கூடாது, சொல்லிட்டேன்.”

பெண் பிறந்தாள். சொன்னபடியே செய்தார். மதியம் மொட்டைமாடி மோட்டார் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் வீட்டுக்கு ஃபோன் போடுவார். அவர் இந்தப் பக்கம் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் ஒரு கீச்சுக்குரல் பதில் சொல்லும். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த மொழியில், கண்ணால் பார்த்ததைச் சொன்னால் வினைச்சொல் ஒரு மாதிரி முடியுமாம். பிறர் சொல்லிக் கேட்டதைச் சொன்னால் வேறு மாதிரி முடியுமாம். பெண்ணுக்கு இரண்டரை வயது இருக்கும். ஒருநாள் ஃபோனை வைத்துவிட்டு இவர் கண்கலங்கி நின்றார்.

“என்னாச்சு?”

“பால் பொங்கிப்போச்சுன்னு சொன்னா.”

“அதுக்கா அழறீங்க?”

“அவ பார்க்கலைப்பா, அம்மா சொல்லித்தான் தெரியும். அதுக்கு உண்டான முடிவைச் சரியாப் போட்டுட்டா. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, தானா வந்துடுச்சு.”

அன்று இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன்.

மூன்றரை வயதில் நர்சரியில் சேர்த்தார்கள். ஆறு வாரத்தில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, பேச்சு தெளிவாக இல்லை, ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றார். “வீட்ல ரெண்டு மொழி பேசுறீங்களாமே? பிள்ளை குழம்பிப் போயிருக்கா.” டீச்சர் கைகாட்டிய டாக்டரிடம் போனார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் குழந்தையிடம் நாலு பொம்மையைக் காட்டினார், ஏதோ எழுதினார். “ஒரு மொழி போதும். யாருமே பேசாத மொழியை ஏன் பிள்ளை தலையில ஏத்துறீங்க?”

வீட்டுக்கு வந்ததும் மனைவி உடைந்துபோனார். “எனக்குப் பயமா இருக்குங்க. இவ பேசாமலே போயிட்டா என்ன பண்றது?”

“சரி, நிறுத்திடறேன்” என்றார் இவர்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே மகள் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டாள். இவர் ஊர் மொழியில் பதில் சொன்னார். அப்பாவுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தோ என்னவோ, இன்னும் சத்தமாகக் கேட்டாள். மறுபடியும் ஊர் மொழி. ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

பத்தொன்பது நாள் அப்படிப் போனது. அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். பிஸ்கட்டைக் கொண்டுவந்து அவர் வாயில் திணித்தாள். தன் ஷூவை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். எதற்கும் அவர் அந்த மொழியில் வாய் திறக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் எதிரில் வந்து நின்று அவரையே கேட்டாளாம், அவர்கள் மொழியில்: “அப்பா எப்ப வருவாரு?”

இருபதாம் நாள் தண்ணீர் வேண்டும் என்று ஊர் மொழியில் கேட்டாள். அன்று மதியம் அவர் வீட்டுக்கு ஃபோன் போடவில்லை. வேனில் திரும்பும்போதுதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். நான் ரேடியோவை அணைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எட்டு மாதம் கழித்துப் பெண்ணுக்குக் காய்ச்சல், காதுவலி. இந்த முறை காது டாக்டரிடம் போனார்கள். அவர் லைட்டை வைத்துப் பார்த்தார். “ரெண்டு காதுலயும் உள்ளே நீர் கோத்திருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கணும். இவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.”

“ரெண்டு மொழி பேசினதால வந்திருக்குமா டாக்டர்?” என்று இவர் கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். “மொழி பேசி எங்கயாவது காது அடைக்குமா?”

சின்ன ஆபரேஷன் செய்து காதில் பொடிக் குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பெண் வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கே திடுக்கிட்டாள். இரண்டே மாதத்தில் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள், ஒரே மொழியில்.

அவர் மறுபடி முயன்றார். குளிப்பாட்டும்போது தன் மொழியில் பேச்சுக் கொடுத்தார். அவள் ஈரக் கையால் அவர் வாயைப் பொத்தினாள். “அப்படிப் பேசாதப்பா. பயமா இருக்கு.” இன்னும் ஒரு மாதம் அவ்வப்போது முயன்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் அழுதாள். அதோடு விட்டுவிட்டார்.

பெண்ணுக்குப் பத்தொன்பது வயதானபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மா வந்தார். பேச ஆளில்லாமல் போகிற மொழிகளைப் பதிவு செய்வது அவர் வேலை. தனக்கு மறந்துவிட்டது என்று சொல்லி இவருடைய அண்ணன்தான் முகவரி கொடுத்திருந்தார். “நீயும் வா, எனக்குக் கூச்சமா இருக்கு” என்று இவர் கூப்பிட்டதால் நானும் போனேன்.

நாற்பது பேரைப் பார்த்துவிட்டேன், சொற்கள் கிடைக்கின்றன, வாக்கியம் கிடைக்கவில்லை என்றார் அந்த அம்மா. இவர் கை, கால், மழை, நெருப்பு எல்லாம் கடகடவென்று சொன்னார். பிறகு அந்த அம்மா ரெக்கார்டரை நகர்த்தி வைத்தார். “ஏதாவது ஒரு கதை. அஞ்சு நிமிஷம், தொடர்ந்து பேசுங்க.”

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் மெதுவாகச் சில வாக்கியங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவரே பொருள் சொன்னார். கண்ணை மூடிக்கோ, தண்ணி ஊத்தப் போறேன். வாயைத் திற. இன்னும் ஒரு வாய். ஓடாதே. கையைக் காட்டு. அப்பா இங்கதான் இருக்கேன்.

வாசல்படியில் நின்றிருந்த பெண் கேட்டாள்: “இதெல்லாம் யார்கிட்டப்பா பேசினே?”

“உன்கிட்டத்தான்.”

“நானும் பேசுவேனா?”

“பிரமாதமாப் பேசுவே.”

“ஒண்ணுமே ஞாபகம் வரலைப்பா.” பிறகு ஆராய்ச்சியாளரிடம் திரும்பினாள். “திரும்ப வருமா மேடம்?”

“சில பேருக்கு ஓசை உள்ளே தங்கியிருக்கும். கத்துக்கிட்டா கொஞ்சம் சுலபமா வரலாம். முன்ன மாதிரி வருமான்னு கேட்டா எனக்குத் தெரியலைம்மா.”

“ஏன்பா நிறுத்தினே?”

அவர் ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். “வேலை அதிகமாயிடுச்சும்மா.” அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

கிளம்பும்முன் அந்த அம்மா ஒரு படிவத்தை நிரப்பினார். சரளமாகப் பேசுபவர்கள் என்ற இடத்தில் ‘1’ என்று எழுதினார். இவர் எட்டிப் பார்த்தார். “ஒரு காலத்துல ரெண்டு பேர் இருந்தோம்னு போட முடியுமா?” அதற்குப் படிவத்தில் இடமில்லை. அந்த அம்மா ஓரத்தில், பென்சிலால் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் மனைவி கேட்டாராம்: “அவகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது நான்தானே?”

“நானும்தானே வந்தேன்” என்றாராம் இவர்.

மறுநாள் வேனில் இதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிவின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. பெண் அதைக் கேட்டுக் கேட்டு ஏழெட்டு வாக்கியம் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அதில் ஒன்றைச் சொன்னாளாம். உச்சரிப்பு கொஞ்சம் தப்பு. அவர் யோசிக்காமல் அதே மொழியில் பதில் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. “இன்னொரு தடவை சொல்லுப்பா, மெதுவா.” சொன்னார். புரியவில்லை. மூன்றாம் தடவையும் சொன்னார். அவள் உதட்டைக் கடித்தபடி நின்றாள்.

பிறகு ஊர் மொழியில் சொன்னார்: “சாப்பிட்டியான்னு கேட்டேன்மா.”