நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கழித்தல்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் 'பக்கம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினியில் புத்தகப் பக்கங்களைக் கோப்பது அவள் வேலை. பதினோரு வருடமாகக் கதை, சட்டம், சமையல் என்று எது வந்தாலும் அசராதவள், உயர்நிலைப் பள்ளி அல்ஜீப்ரா புத்தகம் வந்தபோது தயங்கினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே காத தூரம் ஓடியவள் அவள்.

ஆனாலும் புரியாமல் கோத்தால் தப்பு வரும் என்று, ஒவ்வொரு கணக்கையும் கழிவுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். பல்லுறுப்புக் கோவைகளைக் கூட்டுவது பிடிபட்டுவிட்டது. x-ஐ x-ஓடு சேர்க்க வேண்டும், வெறும் எண்ணை எண்ணோடு. கடைசி நாள் அவசரத்தில் கழித்தல் பக்கங்களை மட்டும் போட்டுப் பார்க்காமல் அப்படியே கோத்து அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவற்றில் நாற்பத்திரண்டாம் பக்கம் மனதில் உறுத்தியது. (5x + 3) − (2x − 7). விடை 3x − 4 என்று கோத்த ஞாபகம். டிக்கெட்டின் பின்னால் போட்டுப் பார்த்தாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் நின்றால் உள்ளே இருக்கும் குறியெல்லாம் மாறுமே! விடை 3x + 10 அல்லவா?

தூக்கிவாரிப் போட்டது. எட்டாயிரம் பிரதி!

நெரிசலில் பஸ் நகரவில்லை. இறங்கி ஓடினாள். வாசலிலேயே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நிறுத்துங்க! நாப்பத்திரண்டாம் பக்கம் தப்பு!"

மிஷின்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அட, இது அட்டைம்மா. உள்பக்கமெல்லாம் மத்தியானம்தான். முதல்ல உக்காரு, தண்ணி குடி."

காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. பிறகு புத்தகம் எழுதிய கணக்கு வாத்தியாருக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போனின் மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"நான் எழுதினதிலேயே தப்பும்மா! இருபத்தாறு வருஷமா பசங்களை 'குறியைப் பாருங்கடா'ன்னு கத்துறேன், நானே கோட்டை விட்டுட்டேனே." வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவேளை, மானத்தைக் காப்பாத்தினீங்க."

மீதிக் கழித்தல்களையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. மத்தியானம் திருத்திய பக்கத்தின் முதல் தாளை மிஷின்காரர் உருவி நீட்டினார்.

"பாத்துக்கம்மா, உன் பத்து பத்திரமா இருக்கு."

விரலை வைத்துப் பார்த்தாள், மை ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோறு ஆறிப் போயிருந்தது. ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.