வேலிக்கு இந்தப் பக்கம் ஒலித்த லைரா

ரோவில் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கிரேக்கர் போன குளிர்காலத்தில் இறந்தபோது இருபத்தாறு ஒலிநாடாக்களை விட்டுப்போனார். வார நாட்களில் கார்த் தொழிற்சாலை, சனிக்கிழமைகளில் கல்யாண மண்டபம் என்று வாழ்ந்தவர். லைரா என்ற தம் தீவு வாத்தியத்தை முழங்காலில் நிறுத்தி வில்லால் வாசிப்பார். மூன்றே தந்திகள். தன் தீவுக்காரர்களுக்கு வெளியே அவரை ஒருவருக்கும் தெரியாது. எனக்கோ, இருபது வருடம் என் ஞாயிறு மதியத் தூக்கத்தைக் கெடுத்தவர். இப்போது அந்த நேரத்தில் தூக்கமே வருவதில்லை.

நான் கேட்டதில் நூலகமொன்று நாடாக்களை ஏற்கச் சம்மதித்தது. ஒவ்வொன்றிலும் என்ன பாட்டு, யார் வாசித்தது, எங்கே என்ற பட்டியல் மட்டும் வேண்டுமாம். நாடாக்களின் மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை. அரசாங்க அலுவலகத்தில் பிறருடைய விண்ணப்பங்களுக்குக் குறை சொல்லியே ஓய்வுபெற்ற எனக்கு இந்த நிபந்தனை நியாயமாகவே பட்டது.

பட்டியலைச் சொல்லக்கூடியவர் அவருடைய மனைவி மட்டும்தான். அவரோ கறுப்பு உடுத்தி, ஒரு வருடத்துக்குத் தன் வீட்டில் பாட்டுச் சத்தமே கூடாது என்றிருந்தார். ஆனால் வீடு விற்றாகிவிட்டது. அடுத்த மாதம் மகன் அவரைப் பேர்த்துக்குக் கூட்டிப்போகிறான். நாடாப் பெட்டியை என்னிடம் தரும்போதே, பட்டியல் இல்லையென்றால் எல்லாம் குப்பைக்குத்தான் என்று அவன் சொல்லியிருந்தான்.

எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு சாவுத் துடக்குக் கழிந்துவிடும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒரு மாதம்தானா? உங்கள் ஆட்களுக்கு அவ்வளவு அவசரமா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன்.

"நீங்கள் வேலை செய்த காலத்தில ஆருக்காவது ஒரு விதியைத் தளர்த்தினனீங்களோ?" என்றாள். "பிறகு அந்த மனிசியை மட்டும் ஏன் கேக்கிறியள்?"

ஆகவே தளர்த்துவதை விட்டுவிட்டு, விதி என்ன சொல்கிறது என்று யோசித்தேன். தடை அவர் வீட்டுக்குத்தான். மறுநாள் காலை எங்கள் கராஜ் கதவைத் திறந்துவைத்து முதல் நாடாவைப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரே கன்றுக்கே தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "மைத்துனியின் கல்யாணம். பிரன்ஸ்விக் மண்டபம்" என்றார். எழுதிக்கொண்டேன்.

நாளுக்கு ஒன்றிரண்டு நாடாவாக மூன்று கிழமை இப்படியே போனது. அவர் ஒருநாளும் பாட்டுக் கேட்கவில்லை, தண்ணீர்தான் விட்டார். கன்றுகள் அழுகாமல் நின்றது அதிசயம்.

கடைசி நாடாவில் மண்டபச் சத்தம் இல்லை. லைராவில் பாட்டின் ஒரே அடி திரும்பத் திரும்ப ஒலித்தது. நடுவில் ஒரு பெண் ஏதோ கத்தினாள், பாத்திரம் விழுந்தது, வில் நின்றது, இரண்டு பேர் சிரித்தார்கள்.

எந்த இடம் என்று கேட்டேன்.

"எங்கள் குசினி. அடுப்பில் கோப்பி பொங்கி வழிந்துவிட்டது. அதை எழுதவேண்டாம்."

நூலகத்தின் படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடமுடியாது என்றேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் போடுங்கள்."

போட்டேன். கலைஞர்கள் என்ற கட்டத்தில் கணவரின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதி, வேலிக்கு மேலால் நீட்டினேன். நிதானமாக வாசித்தார். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வெள்ளிக்கிழமை நாடாக்கள் நூலகத்துக்குப் போயின. மறுநாள் அவர் பேர்த்துக்குப் போனார், கறுப்பு உடையிலேயே.