அம்மா சொன்ன பெயர்

ஓட்டுப் போட வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பது சரியா தவறா என்று டிவியில் நாலு பேர் கத்த ஆரம்பித்தால் நான் எழுந்துபோய் டீ போடுவேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்கு அம்மா முகம்தான் முன்னால் வந்து நிற்கும்.

அப்போது எனக்கு ஆறு வயது. எழுபதுகளின் கடைசி. டெல்லியில், முனிர்காவுக்குப் பின்னால் ஒரு ஜுக்கிக் குடிசையில் இருந்தோம். அப்பா சாரம் ஏறி மாடிச் சுவர்களுக்குப் பூச்சுவேலை செய்பவர். அம்மா நாலு ஃபிளாட்டில் பாத்திரம் தேய்த்தாள். அங்கே வந்து ஏழு வருஷமாகியும் அவளுக்கு ஹிந்தி பிடிபடவில்லை. ‘அச்சா’வும் ‘ஜல்தி’யும் தெரியும், அந்த வீடுகளில் அதற்குமேல் தேவைப்படவும் இல்லை. மற்ற இடங்களில் அம்மாவின் வாய் நான்தான். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் அத்தாட்சி. எங்களுடையது அந்த வருஷ மழையில் கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டது. புதுசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஓட்டுப் போடாதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், ஜுக்கியை இடிக்கும்போது பெயர் இல்லாதவர்களுக்கு மாற்று இடம் கிடையாது என்று சந்து முழுக்கப் பேச்சு. யார் கிளப்பிவிட்டார்களோ, அம்மா அதை அப்படியே நம்பினாள். யார் ஜெயித்தால் என்ன, தன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஓட்டு நாளன்று அப்பா முதல் ஆளாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சந்துக்காரர்களும் காலையிலேயே முடித்துவிட்டார்கள். அம்மா நாலு வீட்டையும் முடித்துவிட்டு மதியம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பள்ளிக்கூடம். உள்ளே மேஜையில் கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்து பெஞ்சில் கட்சி ஏஜெண்டுகள். காலையில்தான் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியின் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் சூடுபட்டிருந்த ஏஜெண்ட் ஒருவர் அம்மாவைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். மதராஸிப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், இவள்தான் அவள் என்பதற்கு என்ன அத்தாட்சி, கார்டைக் காட்டட்டும் என்றார். கார்டு நனைந்த கதையை நான் விலாவாரியாகச் சொன்னேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை.

அதிகாரி நல்ல மனுஷர். கார்டு வேண்டாம், புருஷன் பேரைச் சொல்லட்டும், பட்டியலோடு ஒத்துப்போனால் போதும் என்றார். பாவம், உலகத்திலேயே சுலபமான கேள்வியைக் கேட்டுவிட்டதாக அவருக்கு நினைப்பு.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். அம்மா என் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, அப்பா பேரச் சொல்லு."

எனக்கு அது தெரியாது என்பதே அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவர் அப்பா. அம்மாவுக்கு ‘இந்தாங்க’. சந்தில் அத்தனை பேருக்கும் மிஸ்திரி. கொத்தனாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மிஸ்திரி" என்றேன் கம்பீரமாக. பெஞ்சே சிரித்தது. அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார் ஏஜெண்ட்.

அம்மா நகரவில்லை. தாலிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தப் பெயரைச் சொன்னாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அதிகாரி காதை முன்னால் கொண்டுவந்ததும், இரண்டாவது தடவை அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கும் கை வரவில்லை. அவர் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டிக் கோடு போட்டார். ஏஜெண்டும் "டீக் ஹை" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது! எனக்கு ஒரே குஷி. வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே குதித்து வந்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நடந்தாள். மை வைத்த விரல் எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து ஊதிவிட்டேன்.

சாயந்திரம் அப்பா வந்ததும் ஓடிப்போய்ப் போட்டுக்கொடுத்தேன். அம்மா அடுப்பைவிட்டு எழுந்துவந்து அவர் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"கோடு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அப்புறம் என்ன" என்று சிரித்தார். ஆனால் அம்மா அன்று சாப்பிடவில்லை.

அதற்கப்புறம், விரலில் மை அழிகிறவரைக்கும், சாயந்திரமானால் அம்மா சந்து முனையில் போய் நின்றுகொள்வாள். அவர் சாரத்திலிருந்து இறங்கி, சைக்கிளில் திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். எனக்கு அவளைப் பார்க்கச் சிரிப்பாக வரும். வாம்மா, வந்து உட்காரு, அப்பாவுக்கு வீட்டுக்கு வர வழி தெரியும் என்று கையைப் பிடித்து இழுப்பேன்.