மூன்று அடி தள்ளி நிற்கும் பிள்ளைகள்

எங்கள் கல்லூரியில் படிப்பிக்கிற பெண்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு மிஸ். ராஜினி மட்டும் அக்கா. அவர் ஆசிரியர் இல்லை, பெண்கள் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்றுநர். கிளிநொச்சியில் அது என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் அதிபரே சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். நான் அங்கே ஆய்வுகூட உதவியாளன். போட்டி நாட்களில் புள்ளிப் பலகையைத் திருப்ப ஆள் இல்லையென்று என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று தொடங்கி ராஜினி அக்காவைப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்த காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் மைதானத்தின் மூலையில் சீமெந்துத் தரை போட்டு, இரண்டு கம்பமும் பலகையும் நட்டுவிட்டுப் போனதாம். யாழ்ப்பாணத்தில் இருந்து சுதாகரன் சேர் பயிற்றுநராக வந்தார். அவருக்கு ஆட்டம் தெரியும். ஆனால் பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப்போகக் கேட்டபோது, பெற்றோர் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கூடப் போகிற பொம்பிளை யார் என்றுதான் கேட்டார்கள். ராஜினி அக்கா அப்போது படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தார். முன்பு கல்லூரி வலைப்பந்து அணியில் ஆடியவர், வீடும் கல்லூரிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில். நீ ஒருக்கால் போட்டு வா பிள்ளை என்று அனுப்பினார்கள்.

ஒருக்கால் போனவர் பிறகு நிற்கவேயில்லை. பைகளுக்குக் காவல் இருந்தார், தலை பின்னிவிட்டார், பேருந்தில் சத்தி எடுத்த பிள்ளையின் மூக்கில் தேசிக்காயைப் பிடித்தார். மைதானத்து ஓர வாங்குப் பலகையில் இருந்தபடியே ஆட்டத்தையும் பழகிக்கொண்டார். பிறகு பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்தார். அவருடைய குடும்பம் மலைநாட்டில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியது. தாய் சுப்பம்மா இன்னும் வயலுக்குப் போகிறவர். சான்றிதழைக் காட்டியபோது அவர் சொன்னதை ராஜினி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பந்த அடுத்தவ கையில குடுக்கிறதுக்கு ஒரு படிப்பா புள்ள?"

அந்த ஒரு வரியில் அவருடைய வேலையின் பாதி இருக்கிறது. மற்றப் பாதி வலைப்பந்தோடு போட்ட சண்டை.

வன்னியில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து இருக்கும். இரண்டு கம்பியும் வளையமும் போதும், பலகை வேண்டாம், சீமெந்தும் வேண்டாம். அதனால் ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே பிள்ளைகளின் உடம்பில் அந்த ஆட்டம் ஏறிவிடும். பந்து கைக்கு வந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும், தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. மற்றவள் கையில் பந்து இருந்தால் அவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். கூடைப்பந்துக்கு வந்த பிறகும் கால்கள் அதை மறப்பதில்லை. எதிரணிப் பிள்ளை கூடைக்குக் கீழே வந்து அவசரமில்லாமல் ஆறுதலாகக் குறி பார்ப்பாள். எங்கள் பிள்ளை மூன்று அடி தள்ளி, கையை மட்டும் உயர்த்தி, மரியாதையாக நிற்பாள்.

சுதாகரன் சேர் தலைமைப் பயிற்றுநராக இருந்த காலத்தில் "இது நெட்போல் இல்லை" என்று கோட்டோரம் நின்று கத்துவார். கத்தக் கத்தப் பிள்ளைகள் இன்னும் அரை அடி பின்னால் போவார்கள். சேர் வீட்டுக்குப் போன பிறகு ராஜினி அக்கா முகம் துடைக்கிற ஒரு சின்னத் துவாயை எடுத்து, இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு நுனியைப் பிடிக்கச் சொல்வார். ஒருத்தி பந்தோடு போக வேண்டும், மற்றவள் துவாயை விடாமல் கூடவே போக வேண்டும். இழுபட்டு, முட்டுப்பட்டு, சிரித்து, விழுந்து, அப்படித்தான் எங்கள் பிள்ளைகள் இன்னொருத்தியின் பக்கத்தில் நிற்கப் பழகினார்கள். தட்டிக்கொண்டு ஓடவும் அவரே பழக்கினார். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். வருடா வருடம் அதே வேலை.

இந்த வருடத் தொடக்கத்தில் சுதாகரன் சேருக்கு மன்னாருக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. வலைப்பந்துக்குப் பொறுப்பான சுமித்திரா மிஸ் அதிபரிடம் போய், இரண்டு அணியிலும் ஓடுகிறது ஒரே பிள்ளைகள்தான், இரண்டிலும் அரைகுறையாக நிற்கிறார்கள், எனக்கே தாருங்கள் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அதிபர் ஜெகதீஸ்வரி மிஸ் ராஜினி அக்காவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். வவுனியாவில் நடக்கும் மாகாணப் போட்டிக்கு அணியை நீர் கொண்டுபோம். முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தால் கூடைப்பந்தை நிற்பாட்டுவோம்.

ராஜினி அக்கா ஓம் மிஸ் என்றுவிட்டு வந்தார். அன்று பயிற்சியில் வழமையைவிடக் கூடச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

வவுனியாவுக்கு அதிபரும் வந்தார், சுமித்திரா மிஸ்ஸும் வந்தார். முதல் ஆட்டமே யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி ஒன்றோடு. அந்தப் பிள்ளைகள் உயரம், உள்ளரங்கில் பழகியவர்கள். எங்கள் பிள்ளை ஒருத்தி பந்தைத் தரையில் தட்டத் தொடங்கியதும் இரண்டு பேர் பாய்ந்து வந்து மறிப்பார்கள், மூன்றாவது தட்டுக்குள் பந்து அவர்களுடையது. ராஜினி அக்கா பழக்கிய அத்தனையும் பிள்ளைகள் செய்தார்கள். அதைச் செய்யச் செய்யத்தான் பறிகொடுத்தார்கள். இடைவேளைக்கு நான் பலகையில் இருபத்தொன்றுக்கு எட்டு என்று திருப்பிவைத்தேன். அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

பிள்ளைகள் வாங்கைச் சுற்றி நின்றார்கள். முரசுமோட்டையில் இருந்து வருகிற தனுஷாதான் எங்கள் அணியில் அதிகம் கூடை போடுகிறவள். சுமித்திரா மிஸ்ஸின் அணியிலும் கூடை போடுகிறது அவள்தான். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, தட்டினா பறிச்சுக்கொண்டு போகினம். தட்டாம விளையாடட்டே? நெட்போல் மாதிரி?"

மற்றப் பிள்ளைகள் கீழே பார்த்தார்கள். அந்த அணியில் வாயில் எடுக்கக் கூடாத சொல் அது. ராஜினி அக்கா பார்வையாளர் கதிரைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாலு கதிரை தள்ளி சுமித்திரா மிஸ் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் அதிபர். வேண்டாம் என்றால் தோல்வி நிச்சயம். ஓம் என்றால், இத்தனை வருடமாகத் தான் பழக்கியது தேவையில்லை என்று அவர்களுக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டது போலாகும்.

"எறியுங்கோ," என்றார் அக்கா. "பிடிச்ச உடன எறியோணும். எறிஞ்ச உடன ஓடோணும். ஆனா அவை பந்தோட வரேக்க மூண்டடி தள்ளி நிண்டியளெண்டா, கிளிநொச்சிக்கு நடந்துதான் வருவியள்."

பிறகு நடந்ததை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது, பலகையைத் திருப்புகிற வேலை கூடிவிட்டது. பந்து தரையைத் தொடவேயில்லை. மறிக்க வந்த இருவரும் வந்து சேரும் முன் பந்து வேறு கையில் இருந்தது, அங்கே போகும் முன் இன்னொரு கையில். வயலில் நாற்று முடியை ஆளுக்காள் எறிந்து கொடுப்பார்களே, அந்த வேகம், அந்த அலட்சியம். தனுஷா கூடைக்குக் கீழே நின்று, குதிக்காமல், இரண்டு கையாலும் பந்தை உயரத் தூக்கிவிட்டாள். கூடைக்குப் பின்னால் உள்ள பலகையை நம்பாத வலைப்பந்து எறிதல். எதிரணிப் பயிற்றுநர் எழுந்து நடுவரிடம் ஏதோ கேட்டார். நடுவர் தலையை ஆட்டிச் சிரித்தார். தட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மற்றப் பக்கத்தில் பந்தை வைத்திருந்தவளின் மூக்குக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத துவாயைப் பிடித்தது மாதிரி.

ஒரு புள்ளியால் வென்றோம். பின்னேரம் நடந்த அடுத்த ஆட்டத்தில் நன்றாகவே தோற்றோம். அந்த அணி முதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. பந்தை மறிக்காமல், எறிகிற வழியை மறித்தார்கள்.

திரும்பி வரும்போது பேருந்து முறிகண்டிக் கோயிலடியில் நின்றது. பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு வறுத்த கச்சான் கடலை வாங்க ஓடினார்கள். பேருந்துக்குள் அதிபர், சுமித்திரா மிஸ், ராஜினி அக்கா, பின் இருக்கையில் புள்ளிப் பலகையோடு நான். சுமித்திரா மிஸ்தான் தொடங்கினார். கோபமாக இல்லை, கொஞ்சம் பெருமையாகவே. பிள்ளைகளை வெல்ல வைத்தது நான் ஆறாம் ஆண்டில் இருந்து சொல்லிக்கொடுத்த ஆட்டம்தானே, பிறகு எதற்கு இரண்டு என்றார்.

அதிபர் ராஜினி அக்காவைப் பார்த்தார். "என்ன சொல்லுறீர்? அது நெட்போல்தானே?"

"எறிஞ்சது நெட்போல்தான் மிஸ். நான் இல்லையெண்டு சொல்லேல்ல." அக்கா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆனா நெட்போல்ல தனுஷா கோல் போடுற பிள்ளை. அவளுக்கெண்டு கீறின பகுதிக்குள்ளதான் நிக்கலாம். அங்கால பந்து போனா, கோட்டில நிண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கோணும். கடைசி நிமிசத்தில அவள் எங்கட கூடைப் பக்கத் தொங்கலுக்கு ஓடிப்போய் மறிச்சதைப் பாத்தனீங்களோ? அது பாஸ்கெட்போல்ல மட்டும்தான் ஏலும்."

அதிபர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். தனுஷா கச்சான் சுற்றிய கடதாசிச் சரையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு பேர் எட்டிப் பறிக்கப் பார்த்தார்கள்.

"ஓடட்டும்," என்றார் அதிபர். "அடுத்த வருசமும் ஓடட்டும். பயிற்றுநர் எண்டு உம்மட பேரையே போடுவம். ஆனா சுமித்திராவோட பயிற்சி நாளைப் பிரிக்கிறது உம்மட பாடு. என்னட்டை வரப்படாது."

ராஜினி அக்கா கம்பியை விட்டார். பிறகு சுமித்திரா மிஸ்ஸின் இருக்கைக்குப் போனார். மிஸ் கைப்பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார்.

"திங்கள், செவ்வாய், வியாழன் எனக்கு," என்றார் சுமித்திரா மிஸ்.

"வியாழன் தரேலாது மிஸ். தனுஷா வியாழன் மட்டும்தான் பிந்தி நிக்கலாம். மற்ற நாளில தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போறவள்."

"அதுக்குத்தானே நானும் வியாழனைக் கேக்கிறன்."

பிள்ளைகள் ஏறினார்கள். யாரோ ஒருத்தி எனக்கும் ஒரு கை கச்சான் தந்தாள். பேருந்து கிளிநொச்சிக்கு வந்து, கல்லூரி வாசலில் எல்லோரும் இறங்கி, பெற்றோர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன பிறகும், அந்த இரண்டு பேரும் வாசல் மரத்தடியில் நின்று வியாழக்கிழமையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். ராஜினி அக்கா விட்டுக்கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.