போட்டோ இல்லாத சனிக்கிழமை

என் கணினியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்பறை. பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் கணித ஆசிரியர்கள். பின்னால் கரும்பலகை. அதன் தலைப்பில் ‘இந்த மாதம் நான் சொதப்பிய பாடம்’ என்றும், கீழே எங்கள் பெயர்களும், பெயருக்கு நேரே பாடங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. என் பெயருக்கு நேரே நிகழ்தகவு. எதையும் நாள் கிழமையோடு குறித்துவைப்பது என் வழக்கம். இந்தப் படத்தின் கீழும் ஆடிக் கடைசிச் சனி, பிற்பகல், தேநீர் நேரம் என்று குறித்திருந்தேன். எடுத்தவர் யார் என்ற இடம் மட்டும், கண்ணால் பார்க்காததால், வெகுகாலம் காலியாகக் கிடந்தது.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியவரை நாங்கள் மீமிசல் டீச்சர் என்போம். அந்த ஊரிலிருந்து மாறுதலில் நகரத்துப் பள்ளிக்கு வந்தவர். வந்த கொஞ்ச நாளில், மாவட்டத்துக் கணித ஆசிரியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். “மாசத்துல ஒரு சனிக்கிழம வாங்க சார். நம்ம சொதப்புனத நாமளே பேசிக்குவோம்.” அரசுப் பயிற்சி என்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. வந்ததும் கையெழுத்து, போகும்போது சான்றிதழ், நடுவில் பேனரோடு ஒரு குரூப் போட்டோ. சாயங்காலத்துக்குள் போட்டோ அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்தப் பயிற்சி நடக்கவில்லை என்றே பொருள். இவரோ கையெழுத்து வேண்டாம், சான்றிதழ் கிடையாது, போட்டோ மட்டும் எடுக்கவே கூடாது என்றார். அதுதான் எங்களை உறுத்தியது.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் பள்ளியில் எனக்கு மூத்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் வண்டியில்தான் நான் பின்னால் உட்கார்ந்து போவேன். “போட்டோ வேணாம், கையெழுத்து வேணாம். சும்மா எதுக்குத் தம்பி ஒருத்தவுக நம்மளக் கூப்புடுறாக? உள்ள என்னமோ இருக்கு” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இதற்குமுன் அன்பாகக் கூப்பிட்ட ஒருவர் கடைசியில் கைடு விற்றார். இன்னொருவர் இன்சூரன்ஸ் பிடித்தார். மற்றொருவர் சங்கத் தேர்தலில் நின்றார். “என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துருவோம்” என்று மூத்தவர் வண்டியைக் கிளப்பினார். மாதாமாதம் அப்படித்தான் பார்த்துவரப் போனோம்.

என் சொதப்பல் இது. காசு சுண்டும்போது தொடர்ந்து தலையே விழுந்தது. அடுத்தது பூதான் என்று வகுப்பே கத்த, நானும் தலையாட்டிவிட்டேன். மீமிசல் டீச்சர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஒரு காசை மேசைமேல் வைத்து, “இதுக்கு ஞாபகமே கிடையாது சார். நமக்குத்தான் இருக்கு” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அப்போதும் நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் கிளம்பும்வரை அவர் பலகையை அழிப்பதில்லை. வேறு யாரையும் அழிக்கவிடுவதும் இல்லை. நாங்கள் போனபின் யாருக்காவது எழுதி அனுப்புகிறாரோ?

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை அவர் டீ வாங்கிவர வெளியே போனார். நாங்கள் பேச்சு மும்முரத்தில் யார் எழுந்தார், யார் வந்தார் என்று கவனிக்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் போட்டோ அலுவலகத்தில் இருந்தது. பல கை மாறி எங்களுக்கும் வந்தது. முதலில் அனுப்பியவர் பெயர் தெரியவில்லை. யார் அனுமதியில் கூட்டம் நடந்தது, சொல்லித்தரத் தெரியவில்லை என்று ஆசிரியர்களையே பெயர்போட்டு எழுதவைத்தது ஏன் என்று மீமிசல் டீச்சரிடம் விளக்கம் கேட்டார்கள். மூத்தவர் போனை என்னிடம் நீட்டினார். “படத்துல அவுக மட்டும் இல்ல, பாத்தியா? எடுத்தவுக எப்புடித் தம்பி படத்துல இருப்பாக?” மேலிடத்தில் பேர் வாங்க டீச்சரே எடுத்து அனுப்பியிருக்கிறார், அது அவருக்கே வினையாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினோம். அடுத்த மாதச் சனிக்கிழமை யாரும் போகவில்லை. கல்வியாண்டு முடிந்ததும் அவர் மீமிசலுக்கே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஆண்டு பழைய படங்களை ஒழுங்குபடுத்தும்போது இதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு போன், பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டது. மீமிசல் டீச்சருடையது. பெஞ்சில் என் பக்கத்தில், மூத்தவர் உட்காரும் இடத்தில் ஆள் இல்லை. ஒரு ஹெல்மெட் இருக்கிறது. டீச்சர் இல்லாததை மட்டும் பார்த்த நாங்கள் இதைப் பார்க்கவே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரசுப் பயிற்சிக்கு மீமிசல் டீச்சரும் வந்திருந்தார். டீ நேரத்தில் படத்தைக் காட்டினேன்.

“இத எடுத்தது நீங்க இல்ல டீச்சர்.”

“அது எனக்குத் தெரியாதா சார்?”

“யாருன்னு தெரியுமா?”

“டீத் தூக்கோட வாரப்பவே ஜன்னல் வழியாப் பாத்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அந்த சார் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டாரு. அந்த மாசந்தான் மொத மொதல்ல போர்டுல பேரு எழுதியிருந்தாரு.” டம்ளரைக் கீழே வைத்தார். “அடுத்த மாசமும் நான் வந்து கதவத் தொறந்து வச்சிருந்தேன் சார். எல்லாருக்கும் டீ சொல்லியிருந்தேன்.”

“எல்லாரும் இங்கிட்டு வாங்க, பேனரு தெரியணும்” என்று யாரோ கூப்பிட்டார்கள். போய் நின்றோம்.

மூத்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். பலகையில் தன் பெயரைப் பார்த்த பெருமையில் எடுத்தாரா, டீச்சரைச் சிக்கவைக்க எடுத்தாரா என்பது இன்னும் எனக்குத் தெளிவில்லை. கேட்டாலும் அவர் சொல்வதை நம்புவேனா என்பதும் சந்தேகம்தான்.

அன்று வீட்டுக்கு வந்து, படத்தின் கீழ்க் காலியாக இருந்த இடத்தில் அவர் பெயரை எழுதினேன். அதற்கடுத்த மாதச் சனிக்கிழமைக்கும் ஒரு வரி சேர்க்க நினைத்தபோது, டீச்சர் உண்மையிலேயே வந்து கதவைத் திறந்திருப்பாரா, யார் பார்த்தது என்று கை தானாக நின்றது. மேசைமேல் அவர் வைத்த, ஞாபகமே இல்லாத அந்தக் காசு ஞாபகத்துக்கு வந்தது. எழுதினேன்: கூட்டம் நடந்தது. ஒருவர் வந்திருந்தார். போட்டோ இல்லை.