கிட்டத்தான் என்று சொல்லிவிட்டுப் போன மாமா

மாமா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு இந்த நினைவு மலரைப் புரட்டும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் மாமாவின் அக்கா மகள். என்னை எழுதச் சொன்னவர் அத்தை. "மாமாகிட்ட அதிகமா சண்ட போட்டவ நீதான், நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். அழுது வடிகிற எழுத்து மாமாவுக்குப் பிடிக்காது. அதனால் முடிந்தவரை அழாமல் எழுதுகிறேன்.

திருமானூருக்கு இந்தப் பக்கம், அரியலூர் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், பெண்களாகப் பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளையாக மாமா பிறந்தார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே தாத்தா தவறிவிட்டார். புத்தகத்தை வைத்துவிட்டு ஏர் பிடித்த மாமா, அக்காமார்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து நட்ட பயிர் முழுக்க மூழ்கிய வருஷம், வீட்டில் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்களாம். மாமா நாலு வாழைமரத்தை வெட்டிச் சேர்த்துக் கட்டி, அதில் ஏறிச் சொந்த வயலைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். "நம்ம வயல்ல படகு விட இனிமே எப்ப வாய்க்கும்?" என்று கேட்டு என் அம்மாவிடம் விளக்குமாற்று அடி வாங்கினார். தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாகச் சேற்றில் இறங்கி மறு நாற்று விட்டவரும் அவர்தான். கஷ்டம் வந்தபோது அவர் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை.

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் நடக்காது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வாய்தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். "தூரமா?" என்று மட்டும் கேட்கலாம். இந்த வழக்கத்தை மாமாவைப் போலப் பயன்படுத்திக்கொண்டவர் இந்த மாவட்டத்திலேயே இருக்க முடியாது. அறுவடை முடிந்ததோ இல்லையோ, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அத்தை "தூரமா?" என்பார். மாமா "கிட்டத்தான்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கடைத்தெருவும் கிட்டத்தான், காசியும் கிட்டத்தான். ஒருமுறை கிட்டத்தான் என்று போனவர் கரும்பு லாரியில் ஏறி, அங்கிருந்து வேறொரு லாரி மாறி, கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, அத்தைக்குச் சங்குவளையலோடு வந்து நின்றார். காசிக்குக் கூட்டத்தோடு போனபோது டீ குடிக்க ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ரயிலை விட்டுவிட்டு, மொழி தெரியாமலே எல்லோருக்கும் முன்னால் காசி போய்ச் சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல் புல்லட் ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் பிள்ளைகளைச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பழங்கால மரத்தைக் காட்டக் கூட்டிப் போய், இங்கே ஒருகாலத்தில் கடல் இருந்தது என்பதைச் சொல்லிவிட்டு, "நாம லேட்டா பொறந்துட்டோம். இல்லாட்டி வாசல்லயே கப்பல் ஏறியிருக்கலாம்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். அத்தைக்கு அப்படி இல்லை என்பதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: "எனக்கு வேற ஒரு கொறையும் இல்லடி. பேர் தெரியாத ஊருல இவரு ரோட்டு ஓரமா விழுந்து கெடந்தா, யாருன்னே தெரியாம அள்ளிப் போட்டுட்டுப் போயிடுவாங்களே. அது ஒண்ணுதான் பயம்." மாமா போன திசையே தெரியாமல் அத்தை எத்தனை பகல் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

எழுபதைத் தாண்டியதும் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்தோம். அலைச்சல் ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். புல்லட்டை விற்றோம். மாமா பஸ்ஸில் கிளம்பினார். சரி, இவரை இவர் வழியிலேயே மடக்க வேண்டியதுதான் என்று நான் ஒரு திட்டம் போட்டேன். ஒரு வாரம் அத்தை வீட்டிலேயே தங்கினேன். மாமா வெள்ளைச் சட்டையோடு படி இறங்கும்போதெல்லாம், வேண்டுமென்றே, "எங்க மாமா போறீங்க?" என்று சத்தமாகக் கேட்டேன்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி வருவார், உட்காருவார், சொம்புத் தண்ணீரைக் குடிப்பார், எழுவார். மறுபடி கேட்பேன். மறுபடி தண்ணீர். "பாப்பா, குடிச்சுக் குடிச்சு வயிறு ரொம்பிட்டு. மதியச் சோறு வேணாம்னு அத்தைகிட்ட சொல்லிடு" என்றார். அத்தையே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாமா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஒரு வாரமா கேக்குது. நீ ஒருநாளும் கேட்டதில்லையே?"

"கேட்டா போற காரியம் வெளங்குமாங்க?"

"ஒனக்குத் தெரியவேணாமா, எங்க போறேன்னு?"

அத்தை சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். அவர் கண் கலங்கியதை மாமாவும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். குரல் இறங்கிவிட்டது.

"கேக்க வேணாம். பொடவைய மாத்திக்கிட்டு நீயும் வா."

அன்றைக்கு அவர்கள் போனது திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலம்வரைதான். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு நுங்கு சர்பத் குடித்துவிட்டு வந்தார்கள். அத்தை அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். கங்கைகொண்ட சோழபுரம் போனார்கள். ஜெயங்கொண்டத்தில் முந்திரிப் பருப்பு வாங்கப் போய், பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறிவிட்டு வந்தார்கள். "கண்ணத் தொறக்கவே இல்ல. ஆனா சத்தம் மட்டும் ஊருக்கே கேட்டுது" என்று மாமா அத்தையைச் சீண்ட, "கத்துனது யாருன்னு அங்க இருந்தவங்களக் கேளு" என்று அத்தை என்னிடம் சொல்வார். டாக்டர் சொன்னதை நானும் மெல்ல மறந்தேன். அந்த வயதில் அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்ததைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாகப் போனது செட்டிகுளம். மலைமேல் முருகனைப் பார்க்க மாமா நின்று நின்று ஏறியிருக்கிறார். இறங்கி வந்து, பெரம்பலூரில் சாப்பிட்டுவிட்டு, தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அரியலூர் தாண்டியதும் மாமா அத்தையின் தோளில் சாய்ந்தார். பயணத்தில் மாமா தூங்கவே மாட்டார், வேடிக்கை பார்க்கிறவர். அசதி போல என்று அத்தை அசையாமல் இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் மாமாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கை சில்லென்று இருந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை.

நடத்துநர் வந்து, "அய்யா தூங்குறாங்களாம்மா?" என்று கேட்டார். அத்தை, "ஆமாம்பா, மல ஏறுன அசதி" என்றார். நடத்துநர் மாமாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பஸ், அத்தை கைகாட்டிய தெருமுனைவரை வந்து நின்றது. நடத்துநரும் பயணிகளில் நாலைந்து பேரும் மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கி, வீட்டுக் கூடம்வரை தூக்கி வந்து கிடத்தினார்கள். "அம்மா, வூடு வந்துட்டு" என்று நடத்துநர் சொன்ன பிறகுதான் அத்தை வாய்விட்டு அழுதார்.

செய்தி கேட்டு ஓடி வந்த ஊராருக்கும், பந்தல் போட்டதிலிருந்து காரியம் முடியும்வரை கூடவே நின்ற பங்காளிகளுக்கும், திருப்பூரில் வேலை பார்க்கும் மாமாவின் மகன் வந்து சேரும்வரை அத்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாத பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நடத்துநரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தேடிப் போனபோது வேறு தடத்துக்கு மாறிவிட்டார் என்றார்கள். அந்தப் பயணிகள் எந்தெந்த ஊரோ, அதுவும் தெரியாது. இந்த மலர் அவர்களில் யார் கைக்காவது வந்தால், நாங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறோம் என்று அறிந்துகொள்ளவும்.

இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோதுதான் அத்தை அந்த பஸ்ஸில் நடந்ததை என்னிடம் முழுவதுமாகச் சொன்னார். "தெரிஞ்ச ஒடனே ஏன் அத்தை யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். அத்தை மாமாவின் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா பஸ்ஸ அங்கனயே நிறுத்தி ரோட்டு ஓரமா எறக்கியிருப்பாங்க. அதுக்குத்தானே அம்பது வருஷமா பயந்துக்கிட்டு இருந்தேன். வாயத் தொறக்காம, சாஞ்சவரு சாஞ்சபடியே புடிச்சிக்கிட்டு, வூட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்."