மதினி பேருக்கு வந்த பணம்

அண்ணன் பட்டாளத்துக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு மாசாமாசம் பணம் என்று ஒன்று வந்தது. அதற்கு முன் எங்களுக்குக் கூலி என்றால் தானியம். கண்மாய் நிறைந்த வருஷம் நெல், நிறையாத வருஷம் வரகு, கேப்பை. இலுப்பூர்ப் பக்கத்தில் கண்மாய் நிறைந்த வருஷங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சந்தை நாளில் அய்யாவின் வேட்டி முடிச்சில் கொஞ்ச நேரம் காசு இருக்கும். உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கியதும் முடிச்சு அவிழ்ந்துவிடும். அப்பனை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம்.

அண்ணன் வீரம் பொங்கிப் பட்டாளத்துக்குப் போகவில்லை. பசிக்குத்தான் போனான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? புதுக்கோட்டையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கிளம்பினான். சேரும்போது, சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புவோம், யார் பேருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டி பேரைச் சொல்லிவிட்டான். பெற்றவர் இருக்கும்போது நேற்று வந்தவள் பேரைச் சொன்னது ஆத்தாவுக்குக் கடைசிவரை ஆறவே இல்லை.

இலுப்பூரிலிருந்து தபால்காரர் வெயிலில் நடந்து வருவார். மதினியைக் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கிக்கொண்டு அவள் கையில்தான் பணத்தைக் கொடுப்பார். முதல் தடவை அய்யா கையை நீட்டினார்.

"ஒங்ககிட்டக் குடுக்க எனக்கு உத்தரவு இல்லைங்க. அந்தப் பொண்ணுதான் வாங்கணும்" என்றார் தபால்காரர்.

மதினி வாங்கிய சூட்டோடு ஆத்தாவிடம் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு மாசமும் அப்படித்தான் செய்தாள், ஒரு சல்லி தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவள் பேரைச் சொல்லித் தபால்காரர் கூப்பிடும் அந்தக் கொஞ்ச நேரம் அவள் முகம் வேறு முகமாக இருக்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயசு. வாய் நீளம் என்று ஊரே சொல்லும். "மதினி, மகாராணி மாதிரி நிக்கிறீங்க" என்று கேலி செய்வேன். போ புள்ளே என்று சிரிப்பாள்.

அந்தப் பணத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்கள் மனுசரானது அதனால்தான். தினமும் ஒரு வேளை அரிசிச் சோறு வந்தது. பண்ணை வீட்டு வாசலில் விடியுமுன் போய்க் கையைக் கட்டி நின்ற அய்யா, கூப்பிட்டால் மட்டும் போகிற ஆளானார். "என்னா வேணும்" என்று முகம் பாராமல் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் "வாங்க, வாங்க" என்றார். எல்லாரும் தின்ற பிறகு சட்டியை வழித்துத் தின்னுகிற மதினியை ஆத்தாவே பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறினாள். பணம் வரும் வீட்டில் இவ்வளவு நல்ல குணம் ஒளிந்திருந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

ஜப்பான்காரனோடு சண்டை மூண்ட பிறகு அண்ணனிடமிருந்து வந்துகொண்டிருந்த கடுதாசி நின்றது. கொஞ்ச காலம் கழித்துச் சர்க்கார் கடுதாசி ஒன்று வந்தது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். படித்து முடித்துத் தலையில் இருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் பர்மாப் பக்கம் எங்கேயோ செத்துப்போயிருந்தான். உடம்பும் இல்லை, சாம்பலும் இல்லை. உடம்பில்லாமலே கருமாதி செய்தோம். மதினி கழுத்துத் தாலியை இறக்கினார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயசு இருந்தால் அதிகம்.

பணமும் நின்றது. அந்தப் பணத்தில் வாங்கியிருந்த ஆடுகள் போயின, பானையில் மறுபடி கூழ் ஏறியது. அய்யா திரும்பவும் பண்ணை வாசலில் போய் நின்றார். இத்தனை நாள் எங்கே போயிருந்தே என்று கேட்டுக் கேட்டு அவரை மானங்கெடுத்தார்கள். பல மாசம் கழித்துத் தபால்காரர் வந்து, செத்த சிப்பாயின் பெண்டாட்டிக்குச் சர்க்கார் பென்ஷன் கொடுக்கிறது என்றார். முன்னைவிடக் குறைச்சல், ஆனால் மாசம் தவறாது. அவள் உயிரோடு இருக்கிறவரை வரும், மறுகல்யாணம் செய்தால் நின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, இவள் உயிரோடு இருக்கிறாள், வேறு கல்யாணம் செய்யவில்லை என்று ஊர் மணியக்காரரிடம் எழுதி வாங்கிப் புதுக்கோட்டை ஆபீசில் காட்ட வேண்டும்.

எங்கள் சனத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்களில் புருசனை இழந்தவள் மூலையில் உட்காரமாட்டாள். அறுத்துக் கட்டுவது என்போம். கேட்டு வருகிறவர் பழைய பரிசத்தைத் திருப்பிக் கொடுப்பார், மாமனார் ஊர்க்கூட்டத்தில் எழுந்து "எங்களுக்குப் பாத்தியதை இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லித் தீர்த்துவிடுவார். புதுச் சீலை கட்டிக்கொண்டு பெண் கிளம்பிவிடுவாள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஆத்தாவே அப்படி வந்தவள்தான். முதல் புருசன் வாந்திபேதியில் போய், அடுத்த வருஷமே அய்யாவுக்கு வாக்கப்பட்டாள். அந்த வழக்கம் இல்லையென்றால் அண்ணனும் இல்லை, நானும் இல்லை.

கேட்டு வரவும் ஆள் வந்தது. கீரனூர்ப் பக்கத்து வண்டிக்காரர். கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத் திருச்சிக்குப் போகிறவர். பிரசவத்தில் பெண்டாட்டி செத்துவிட்டாள். தாயாரோடு வெற்றிலை பாக்கும் ஒரு சீலையும் கொண்டுவந்தார். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், பணமிருந்தாலும் சீலை கிடைக்காது. அதற்கு எங்கெங்கே அலைந்தாரோ.

"பொண்ணைத் தீத்துவிட்டீங்கன்னா நல்லபடியா வச்சுக்கிறோம். பரிசத்தைக் கொறையாமத் திருப்பித் தந்துர்றோம்" என்றார் அந்தத் தாயார்.

ஆத்தா வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை. "மக ஒருத்தி இருக்கா. அவ கல்யாணம் முடியட்டும், பாப்போம்" என்றாள்.

அவர்கள் சீலையை மடித்துத் திரும்பக் கொண்டுபோனார்கள். அய்யா அவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி உள்ளே குத்திக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தவே இல்லை. நான் போய் மெதுவாகக் கேட்டேன்.

"மதினி, ஒங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு" என்றாள், நேராக. "மாட்டை அடிக்கமாட்டாரு. மேட்டுல ஏறுறப்ப எறங்கி நடப்பாரு. பாத்திருக்கேன்."

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அய்யா தனியாக இருக்கும்போது பிடித்துக்கொண்டேன். "மதினி போனா நமக்கு ஒண்ணுமே வராதான்னு ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்ல அய்யா?"

"கேக்கப் போனா, இந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும். இருக்கிறதும் நின்னுபோயிரும். வாயை மூடிக்கிட்டு இரு."

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. சர்க்காரிடம் கேள்வி கேட்டால் சர்க்கார் நம்மைப் பார்த்துவிடும், பார்த்தால் பிடுங்கிக்கொள்ளும். தபால்காரர் வரும் நாளில் வண்டிக்காரர் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் கட்டளை. அந்த மனுசரிடம் கேட்டிருந்தால்கூட விசாரித்துச் சொல்லியிருப்பார். மதினியின் கூடப்பிறந்தவர் வந்தார். தங்கைக்காகப் பேசுவார் என்று நம்பினேன். பென்ஷனில் அவருக்கும் ஆத்தா அவ்வப்போது கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பெரியவங்க சொல்றபடி கேளு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்தில் என்னைத் திருமயம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தோடும் மூக்குத்தியும் பித்தளைப் பாத்திரமும் எந்தப் பணத்தில் வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் முடிந்த கையோடு வண்டிக்காரர் மறுபடி வந்தாராம். அய்யாவுக்கு இருமல், மருந்துச் செலவு இருக்கிறது, தை பிறக்கட்டும் என்றாளாம் ஆத்தா. தை பிறந்தது. வீட்டுக்கூரை மாற்ற வேண்டும் என்றாள். அவள் சொன்னதெல்லாம் பொய்யில்லை, அதுதான் கொடுமை. அய்யா உண்மையிலேயே இருமினார், கூரை உண்மையிலேயே ஒழுகியது. ஏழை வீட்டில் ஒரு பெண்ணை நிறுத்திவைக்கக் காரணம் தேடவே வேண்டாம்.

அந்த மனுசரும் எத்தனை நாளைக்குக் காத்திருப்பார்? தாயாருக்குக் கண் மங்கிவிட்டது, தாயில்லாப் பிள்ளை வேறு. வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் வண்டி எங்கள் ஊர் வழியாக வரவில்லை, சுற்றுப்பாதையில் போனது என்று சொன்னார்கள். மதினி அழுதாளா என்று ஆத்தாவிடம் கேட்டேன். "அவ எதுக்கு அழுவுறா, வேளாவேளைக்குச் சோறு இருக்கு" என்றாள். அன்று ஆத்தாவோடு சண்டை போட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து புருசன் ஊருக்கு வந்துவிட்டேன்.

ஓடிப்போயிருக்கலாமே என்று என் மருமகள்கள் இப்போது சுலபமாகக் கேட்கிறார்கள். போயிருக்கலாம். போயிருந்தால் அடுத்த மாசமே இருமிக்கொண்டு கிடந்த கிழவனும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவியும் கஞ்சிக்குக் கையேந்தியிருப்பார்கள். அது மதினிக்குத் தெரியும். தெரிந்துவிட்டதால் அவளால் அசைய முடியவில்லை. பட்டினி கிடந்த காலத்தில் அவளை யாரும் கட்டிவைக்கவில்லை. பட்டினியைப் போக்க வந்த பணம் கட்டிவைத்தது.

அய்யா செத்த அடுத்த வருஷம் நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். என் மகன் அப்போது தத்தி நடக்கிறான். மணியக்காரர் எழுதிக் கொடுத்ததைக் காட்ட மதினியும் ஆத்தாவும் புதுக்கோட்டை கிளம்பினார்கள். பிள்ளைக்குச் சட்டை வாங்கலாம் என்று நானும் பஸ் ஏறினேன். வழக்கமாக இருக்கும் குமாஸ்தா அன்று இல்லை. வயசான ஒருவர் இருந்தார். கடுதாசியைப் படித்துவிட்டு மதினியை நிமிர்ந்து பார்த்தார்.

"சின்ன வயசாத் தெரியுதே. ஒங்க சனத்துல மறுகல்யாணம் உண்டுமேம்மா, பண்ணி வைக்கலையா?" என்று ஆத்தாவிடம் கேட்டார்.

"பண்ணுனா பணம் நின்னுருமேங்க" என்றாள் ஆத்தா.

"இந்தப் பொண்ணுக்கு நிக்கும். நீங்க செத்தவனைப் பெத்தவங்கதானே? வேற மகன் இல்லை, வயசாயிருச்சு, ஏம் பேருக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் கேட்டா மாத்திக் குடுப்பாங்க. பெத்தவங்க அப்படி இங்க வாங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. யாரும் சொல்லலையா?"

யாரிடம் கேட்டோம், யார் சொல்ல? அவர் நல்ல மனுசர். இன்னும் ஏதோ விவரம் சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் ஒன்றும் ஏறவில்லை. நான் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலில் மையைத் தடவி, அவர் காட்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள். வழக்கம்போல அழுத்தமாக, கோணாமல்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைத் திட்ட எனக்கு எவ்வளவோ இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மதினிதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"அயித்தை, அப்ப நான் போகலாமா?"

ஆத்தா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "எங்கிட்டுத்தா போவே?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

கீரனூர் வண்டிக்காரர் வீட்டில் அப்போது மூன்று பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. மதினியின் முன்நெற்றியில் அந்த வயசிலேயே ஒன்றிரண்டு நரை விழுந்திருந்தது. கூடப்பிறந்தவர் வீட்டில், பணம் இல்லாமல் வந்து நிற்கிறவளுக்கு இடம் இல்லை. அவள் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்து பிள்ளையைத் தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள்.

"வாங்க அயித்தை, பஸ்ஸு போயிரும்" என்று எங்களுக்கு முன்னால் நடந்தாள்.